மூன்றாவது சுற்று

"ரெண்டு மணிக்குப் பிறகுதான் காத்து மாறுமாம் அங்கிள்" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னவன் நான்தான். மெல்பேர்னில் ஆறு வருடம் குளிரில் நடுங்கிய பிறகும் வானிலை அறிவிப்பை நம்பியவனை என்னவென்று சொல்வது? ஆடி மாத ஞாயிறு அது, இங்கே நடுக் குளிர்காலம். மலையடிக் கோயிலின் வெளிவீதியில் அப்போது நல்ல வெயில் எறித்தது.

அங்கிள் எனக்கு உறவில்லை. பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர், ஒரே வீட்டில் பக்கத்து அறைக்காரர், அறுபதைத் தாண்டியவர். என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தபோது, என்னைக் கேட்காமலே எனக்காக நேர்த்தி வைத்துவிட்டார்: ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி நிலத்தில் உருளும் பிரதட்டை, மூன்று சுற்று. விசா எனக்கு, உருள்வது நீங்களா என்று சண்டை பிடித்தேன். வைத்தவன்தான் செய்யவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். உள்ளே செய்யலாமே என்று ஐயர் சொன்னதையும் கேட்கவில்லை. ஊரில் வெளிவீதியில்தானாம் செய்வது. ஊரில் மணலும் வெக்கையும், இங்கே சீமெந்தும் குளிரும் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மடையன் நானும் வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன்.

இரண்டு சுற்று நன்றாகவே போனது. விலகி உருண்டபோதெல்லாம் காலைப் பிடித்து நேராக்கினேன். மூன்றாவதில் பாதி வந்தபோது, ஒரு மணிகூட ஆகுமுன்னே, தெற்கிலிருந்து காற்று வந்து அறைந்தது. ஐந்து நிமிடத்துக்குள் வெயில் போய் ஆலங்கட்டி கொட்டியது. எழும்பச் சொல்லிக் கத்தினேன். இன்னும் இரண்டு தரம் புரண்டார், பிறகு அசையவில்லை. நீலம் பாரித்த உதடுகளோடு கிடந்தவரை நானும் ஐயரும் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நியூமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டார்: "மூண்டையும் முடிச்சனானோ?"

"ஓம் அங்கிள், முடிச்சுப்போட்டியள்."

"அப்ப உனக்குப் பயமில்லை."

மறுநாள் காலை போய்விட்டார்.

சில மாதங்களில் எனக்கு விசா கிடைத்தது. இப்போது குடியுரிமையும் உண்டு. ஒவ்வொரு ஆடியிலும் அந்தக் கோயிலுக்குப் போகிறேன், மிச்ச அரைச் சுற்றை இம்முறையாவது முடித்துவிடவேண்டும் என்று வேட்டியும் எடுத்துக்கொண்டு. கார்க் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அடிக்கிறது. குளிருக்குப் பயப்படுகிறேன், வேறொன்றுமில்லை. வெட்கங்கெட்ட பயம். ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.