அப்பாவுக்கு இடது, சித்தப்பாவுக்கு வலது

அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த மாதங்களில், அவர்களுக்கு நடுவே செய்தி கொண்டு போகும் வேலை எனக்கு இருந்தது. எனக்கு ஏழு வயது. முனியாண்டி கோயில் கிடாவெட்டில் தலைக்கறி யாருக்கு என்று தொடங்கிய சண்டை அது. ஒரே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் எனக்கு அதிக அலைச்சல் இல்லை.

வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்திருந்த சமயம் அது. மந்தின் சாலையை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்தில், காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகள் உள்ளே வராதபடி லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட உத்தரவு வந்தது. காலையில் உளியால் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர்களே மதியம் கம்பி இழுத்தார்கள். முதல் நாளே ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்து உளி பிடிக்க முடியாமல் போனது. உளி பிடிக்காத கைக்குச் சம்பளம் இல்லை.

அதன் பிறகுதான் ஸ்டோரில் கையுறை கொடுத்தார்கள். துணிக் கையுறை முள்ளில் நூல் நூலாகப் பிரிந்தது. ரப்பரை முள் குத்திக் கிழித்தது. தோல் கையுறைக்குத்தான் கிராக்கி. கம்பியைப் பிடிக்கும் கைக்குப் போட்டால் போதும். குறடு பிடிக்கும் கை வெறுங்கையாக இருந்தால்தான் வேலை ஓடும். அப்பா கம்பியை இடதுகையில் பிடிப்பார். சித்தப்பா இடதுகைக்காரர், அவர் வலதில் பிடிப்பார். இதைக் கவனித்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, இருவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி என்று சொல்லிவிட்டார். இருந்ததில் ஒரு ஜோடி புதிது, கையோடு ஒட்டியது. இன்னொன்று பழையது, தொளதொளவென்று கிடந்தது.

ஸ்டோருக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். நான் இல்லாமல் எப்படிப் பேசுவது?

அப்பா புதியதை மாட்டிக்கொண்டார்.

"பழசே போதும்னு ஒங்கப்பாகிட்ட சொல்லும்மா," என்றார் சித்தப்பா. "முள்ளு புடிச்சா கிளவுசு போவட்டும். கை வரணும்."

"ஒன் சித்தப்பனுக்கு எப்பவும் அடுத்தவன் போட்டுக் கழிச்சதுதான் புடிக்கும்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள், சித்தப்பா, அப்பாவின் கையைப் பிடித்து, கீழே கிடந்த கம்பிச் சுருளில் கையுறையை மாட்டிவிட்டார். அப்பா இழுத்துப் பார்த்தார். கை வரவில்லை. கையுறையிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டு பழையதை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், அப்பா இழுத்துப் பிடித்திருந்த கம்பி கட்டு விட்டுப்போய்ப் பாம்பு மாதிரி சுருண்டு எகிறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கையுறை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் கை அவரிடமே இருந்தது, மணிக்கட்டில் ஒரு கீறலோடு.

அப்பா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். "நல்லவேள தம்பி," என்றார்.

சித்தப்பா கையுறையை முள்ளிலிருந்து பக்குவமாக விடுவித்தார். "ஜோடியா குடுக்கணுமேண்ணே. இல்லாட்டி கிராணி நம்ம ரெண்டு பேரையும் ஜோடியா நிக்க வச்சிடுவாரு."

அத்தோடு என் வேலை போயிற்று. அந்த வருத்தம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வேலி முடிந்த அன்று மாலை சித்தப்பா வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பிறகு காவலர்கள் வாசல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பூட்டு வேலிக்கு வெளிப்பக்கம் தொங்கியதை நான் நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே படுத்துத் தூங்கிவிட்டேன்.