சாயம்தான் என்று நான் சொன்னது

நோன்பிருக்கும் தபசுகாலம் தொடங்கி இரண்டு வாரம் ஆனபோது, கோயில் பள்ளிக்கூடத்தில் ஆண்டவரின் சிலுவைப் பாடுகளைப் படமாகக் காட்டினார்கள். வெளிநாட்டு ஊமைப்படம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்தில் உபதேசியார் பிரம்போடு நின்று யார் பிலாத்து, யார் யூதாசு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நேரில் நடந்ததுபோலவே இருக்கும் என்று பூசையில் அறிவித்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக, ஐந்து வயது மகளை அழைத்துப் போகலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். என்னைப்போலக் கான்வென்டில் படித்தவள் யோசிக்காமல் எதையும் செய்வதில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் தவறு செய்வாள்.

என் வீட்டுக்காரர் தோணியோடு கொழும்புக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய அக்கா, என் மதினி, வைத்ததுதான் சட்டம். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். தபசுகாலத்தின் நாற்பது நாளும் கருப்பட்டிக் காப்பியைத் தொடமாட்டார். அந்த நாற்பது நாளும் நாங்கள் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல்தான் கீழே வைப்போம்.

படத்தில் முதலில் கடலும் புயலும் வந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த தோணிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இந்தக் காத்துக்கு எவனாவது முழுப்பாயும் விரிப்பானா? பேதுரு நம்ம தொழில்காரருதானா, இல்ல கடலயே பாக்காதவரா?" என்று ஒருவர் கேட்க, உபதேசியார் பிரம்பை அவர் பக்கம் திருப்பினார்.

பிறகு ஆணி அடிக்கும் இடம் வந்தது. சுத்தியல் விழ விழப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நான் அவள் காதில் சொன்னேன்: "பயப்படாத. அது ரத்தம் இல்ல, சாயம். அந்த ஆளு நடிக்காரு. முடிஞ்சதும் எந்திச்சுப் போயி காப்பி குடிப்பாரு."

நடுக்கம் நின்றுவிட்டது. மிச்சப் படத்தை அவள் சிரித்த முகத்தோடு பார்த்தாள். இதை மதினியிடம் சொல்லிவிடுவாளோ என்று அப்போது எனக்குத்தான் நடுக்கம் தொடங்கியது.

மறுநாள் மதினி சீலா மீன் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். மகள் எட்டிப் பார்த்து, "சாயமா அத்தை?" என்றாள். என்ன சாயம் என்று மதினி கேட்டார். சேலைச் சாயத்தைச் சொல்கிறாள் என்று நான் புளுகினேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்று ஒரு வாரம் குழம்பினேன். படத்தில் நடித்தவர் காப்பி குடித்திருப்பார் என்பது பொய்யாகாதே. வெள்ளைக்காரர், ஒருவேளை தேயிலை குடித்திருக்கலாம். அது மட்டும்தான் சந்தேகம்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று கோயிலில், ஆண்டவரின் கை மடங்கும் மரச் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து ஆணி கழற்றி இறக்குவார்கள். ஊரே அழும். அந்த நேரத்தில் என் மகள் வாயைத் திறந்தால்? ஊர் சிரிப்பதுகூடப் பரவாயில்லை. அந்தப் பேச்சை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று மதினி கேட்பாரே. அதனால் முன்கூட்டியே விளக்கப் பார்த்தேன். படத்தில் பார்த்தது நடிப்பு, கோயிலில் பார்க்கப்போவது நிஜம் என்றேன்.

"கோயில்ல இருக்கது மரம்லா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"படத்துல வந்தது ஆளுலா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அதற்குமேல் கான்வென்ட் படிப்பு உதவவில்லை. அவளை வீட்டில் விட்டுப் போகலாம் என்றால், பெரிய வெள்ளிக்குப் பிள்ளையை வீட்டில் பூட்டியவள் என்ற பெயர் வேறு வரும்.

அன்று மதினிக்கும் எனக்கும் நடுவில் அவள் முழந்தாளிட்டிருந்தாள். முதல் ஆணியைக் கழற்றினார்கள். சுரூபத்தின் கை தொங்கியது. பெண்கள் ஓவென்று அழுது, பிறகு அடுத்த ஆணிக்காக மூச்சைப் பிடித்தார்கள். அந்த அமைதியில், மதினியின் கன்னத்தைத் துடைத்துவிட்டபடி என் மகள் சொன்னாள்:

"அழாதிய அத்தை. சாயம்தான். இப்ப எந்திச்சுக் காப்பி குடிக்கப் போவாரு."

முன் வரிசை முழுவதும் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மதினியின் குரல் கேட்டது.

"எந்திப்பாரு. இன்னிக்கு இல்ல, ஞாயித்துக்கிழம. அதுவரைக்கும் அவருக்கும் காப்பி கிடையாது, எனக்கும் கிடையாது. பேசாம இரி."

பிறகு சுரூபத்தின் பாதத்தை எல்லோரும் முத்தி செய்யப் போனபோது, மகள் காயத்தை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டாள்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறு விடிகாலைப் பூசை முடிந்து வந்ததும் மதினி முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்தார். இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நாள் கோபமும் காப்பிக்குப் பிறகு வரும் என்று நான் சுவரோரமாக நின்றேன். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏளா, அந்தச் சாயக் கதை நீ சொன்னதுதான?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு என் காதுலயும் சொல்லியிருந்தா என்ன? அத்தன சுத்தியலடி அடிச்சானுவளே, அந்த வெள்ளக்காரன் பொழச்சானா, கையி எதுக்காவது ஆகுமான்னு ஒரு மாசமா எனக்கு உறக்கம் இல்ல. அவனுக்கும் சேத்துல்லா செபம் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பொழச்சிருப்பாரு மதினி. சாயம்தான்" என்றேன். அந்தத் தபசுகாலத்தில் நான் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

மதினி டம்ளரை எடுத்து மிச்சக் காப்பியை நிம்மதியாகக் குடித்தார்.