தண்ணீரை நக்கிக் குடித்த மாடுகள்

எந்தப் பண்ணையிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டரக்கா என்றால்தான் தெரியும். மாதம் ஒருமுறை போவாள். கறவை இயந்திரத்தின் குழாயில் மீட்டரை மாட்டி, எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்று பார்ப்பாள். சின்னப் புட்டிகளில் பால் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவாள். மடியில் நோய் தொடங்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒரு மாடு ஏன் கூடக் கறந்தது, ஏன் குறைத்தது என்று தோண்டித் துருவாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"மாட்டுக்கு ஒரு மடக்குப் பால் குறைஞ்சா கண்டுபிடிச்சிடுற. நான் மீசைய எடுத்து ஒரு வாரமாச்சு," என்றார் கணவர் ஒருநாள்.

நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

திரையில் இருந்தது ஒரு கணவன் மனைவி நடத்தும் பண்ணையின் கணக்கு. பெரும்பாலான மாடுகளின் பால் அளவைக் காட்டும் கோடு வழக்கம்போல் ஏறி இறங்கியது. சில மாடுகளின் கோடு மட்டும் மாதாமாதம் சரிந்துகொண்டே போனது. அவற்றில் கிழடும் இருந்தது, முதல் கன்று ஈன்ற இளசும் இருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, மடி வீக்கம் இல்லை. "எல்லாம் ஒரே தீவனந்தான் தின்னுது. எனக்கும் பிடிபடலம்மா," என்று உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க மீட்டர்லதான் கோளாறு," என்றார் பண்ணைக்காரர். அவள் வேறு மீட்டரை மாட்டினாள். அதுவும் அதையே சொன்னது. "அப்ப இதுகள வித்துத் தலைமுழுக வேண்டியதுதான்," என்றார்.

"அவசரப்படாதீங்க. ஒருநாள் இங்கயே இருந்து பாத்துக்கறேன்," என்றாள் மீட்டரக்கா.

விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கொட்டகை ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மாடுகள் கட்டில்லாமல் உலாவின. ஒரு கோடியில் சிமெண்டுத் தொட்டி, மறு கோடியில் மோட்டார் அறையை ஒட்டி இரும்புத் தொட்டி. சிமெண்டுத் தொட்டியை முரட்டு மாடுகள் சில வளைத்துக்கொண்டன. 'ரவுடி' என்று பட்டப்பெயர் வாங்கிய கறுப்பு மாடு, சாதுவாக யார் வந்தாலும் முட்டி விரட்டியது. விரட்டுப்பட்டவை இரும்புத் தொட்டிக்குப் போயின. காதுவில்லை எண்களைப் பார்த்தாள். கோடு சரிந்த மாடுகள் அத்தனையும் அங்கேதான் நின்றன.

அவை குடித்த விதம்தான் விசித்திரம். மாடு வாயை அமிழ்த்தி உறிஞ்சித்தான் குடிக்கும். இவை பூனை மாதிரி நுனி நாக்கால் நக்கிவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டன.

பண்ணைக்காரரின் மனைவியைக் கூப்பிட்டாள். "இதப் பாருங்க, தண்ணிக்குப் பயப்படுதுங்க."

அந்த அம்மாள் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையேக்கா."

மீட்டரக்கா மோட்டார் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரீஷியனான தன் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கருவியோடு வந்து தொட்டியையும் ஈரத்தரையையும் சோதித்தான். மோட்டாரின் எர்த் கம்பி அற்றுப்போய்க் கிடந்தது.

"லேசாக் கரண்ட் கசியுதுக்கா. நம்ம ரப்பர் செருப்புக்குத் தெரியாது. அதுங்க நாலு காலும் ஈரத்துல, நாக்கு தண்ணில. சுருக்குன்னு இருக்கும்."

"தண்ணி குறைஞ்சா பால் எங்கேர்ந்து வரும்," என்றார் மருத்துவர், செய்தி கேட்டதும். மற்ற பண்ணைகளிலும் தொட்டிகளைச் சோதிக்கச் சொல்வதாக அவளிடம் சொன்னார்.

கம்பியை மாற்றினார்கள். அடுத்தடுத்த மாதங்களில் கோடுகள் மெல்ல நிமிர்ந்தன. ஒரு செவலை மட்டும் இரும்புத் தொட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. விற்றுவிடலாம் என்ற பண்ணைக்காரரே அதற்கு வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தார்.

"மகாராணிக்குச் சேவகம் பண்றேன்," என்று அலுத்துக்கொண்டார். "எத்தன நாளைக்கு இத ஞாபகம் வெச்சிருக்கும்?"

"எனக்கும் அதான் தெரியணும்," என்றாள் மீட்டரக்கா.

செவலை வாளியைக் காலிசெய்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவர் இன்னொரு வாளி எடுத்துவரப் போனார்.