பத்தொன்பதாவது நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது என் சின்ன அண்ணிக்கு நடந்தது. கதை கட்டிச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

ராக் கச்சேரிகளில் கூட்டத்தின் பாதுகாப்பும் இருக்கை ஏற்பாடும் அண்ணியின் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போடாமல் கேட் திறக்காது. நெரிசலில் யாருக்காவது ஏதாவது ஆனால், முதலில் அவர் தலைதான் உருளும்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. மூவாயிரம் பேர். மதியம் 3.40க்கு அண்ணி காலி அரங்கில் டேப்பை இழுத்து நடைபாதைகளை அளந்துகொண்டிருந்தார். ஏழாவது வரிசையில் பதினெட்டு நாற்காலிகள் இருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தன. கடைசி நாற்காலி, அவசர வழிக்குப் போகும் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

அண்ணிக்குச் சுருக்கென்றது. நாற்காலி கான்ட்ராக்டரின் கைவரிசை! கள்ள டிக்கெட்டுக்கு இடம் பிடிக்கிறான்...

அதைத் தானே தூக்கிப்போய் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். சாவி சட்டைப்பையில். கேட்டில் நின்ற கான்ட்ராக்டரிடம் நேராகப் போனார். மணி 3.50.

"யாரைக் கேட்டு எக்ஸ்ட்ரா நாற்காலி போட்டீங்க?"

"சத்தியமா நான் போடலீங்க. எண்ணித்தான் இறக்கினேன்."

"என் காதுல பூ சுத்தாதீங்க!"

அரை மணி நேரம் வாய்ச்சண்டை. 4.20க்கு அண்ணி திரும்பி வந்தார்.

நாற்காலி அதே இடத்தில் இருந்தது.

ஓடிப்போய் ஸ்டோர் ரூமைப் பார்த்தார். போட்ட பூட்டு போட்டபடி. திறந்தார்.

உள்ளே... காலி.

பின்னால் ஒரு சத்தம். க்ரீச்...

திரும்பினார். ஆள் அரவமே இல்லை. நாற்காலி மட்டும் ஒரு முழம் நகர்ந்திருந்தது.

கிட்டே போய்த் தொட்டார்.

இருக்கை... சூடாக இருந்தது.

அண்ணி அந்தப் பகுதியையே கயிறு கட்டி மூடினார். அங்கே உட்கார வேண்டியவர்களை வேறிடத்துக்கு மாற்றினால்தான் கையெழுத்து என்றார்.

"உன் வேலை போயிடும்!" என்று கத்தினார் அமைப்பாளர்.

"போகட்டும்."

கேட் முக்கால் மணி நேரம் தாமதமாகத் திறந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் கச்சேரி முடிந்தது.

மறுநாள் காலை, கான்ட்ராக்டரைக் கையும் களவுமாகப் பிடிக்க, அவரையும் உட்காரவைத்துக் அரங்கின் கேமரா பதிவைப் போடச் சொன்னார் அண்ணி.

திரையில் மணி 4.05.

ஸ்டோர் ரூம் கதவு திறக்கிறது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியைத் தூக்கி வருகிறார். பாதையில் போடுகிறார். உட்காருகிறார்.

மெல்ல நிமிர்ந்து... கேமராவைப் பார்க்கிறார்.

அண்ணி.



கான்ட்ராக்டர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நாலு அஞ்சுக்கு... நீங்க கேட்ல நின்னு என்னைத்தானே திட்டிட்டு இருந்தீங்க?"