கத்தாத தவளை

போன வாரம் செஞ்சியில் நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கினேன். குடை இல்லை. நனையாமல் ஒதுங்க எத்தனையோ கடை இருக்க, என் கால் போய் ஏறியது ஜமாலின் வாட்ச் கடையில்.

ஜமாலுக்கும் எனக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் எண்பதைத் தாண்டிவிட்டோம். எனக்குப் பல் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. அவன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்... கடகடவென்று, சொந்தப் பல்லால்!

"வாடா கோயிந்து. உக்காரு. முறுக்கு துண்றியா?"

"வேணாம். இப்பதான் சாப்ட்டேன்."

சாப்பிடவில்லை. ஆனால் அவன் முன்னால் முறுக்கை ஊற வைத்துத் தின்ன முடியுமா?

மழை கொஞ்சம் விட்டது. ஜமால் தலையைச் சாய்த்தான். "தவள கத்துது பார்றா. கேக்குதா?"

"கேக்குதே" என்றேன்.

அந்தக் 'கேக்குதே'யைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு ஜமால் மேல் பொறாமை. நேற்று வந்ததல்ல, அறுபது வருஷப் பொறாமை. அதுவும் ஒரு தவளையால் வந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுப்பகுதி. எங்களுக்கு இருபது வயது இருக்கும். நான் மூன்றாம் கிளாஸோடு ஸ்லேட்டை வைத்துவிட்டவன். ஆனாலும் தினம் ஹைஸ்கூலுக்குப் போனேன். பானையில் தண்ணீர் ரொப்ப, பெஞ்ச் துடைக்க, மணி அடிக்க. முக்கியமாக, சயின்ஸ் ரூமுக்குத் தவளை பிடித்துக் கொடுக்க.

தவளை பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது அப்படி. கோட்டை அகழி ஓரம் நின்றால் போதும், எந்தப் புல்லுக்குப் பின்னால் எது கத்துகிறது என்று சொல்லிவிடுவேன். சத்தத்தைப் பார்த்துக் கையை விட்டால் தவளை கையில் இருக்கும்.

சயின்ஸ் வாத்தியார் தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு காலிலும் குண்டூசி குத்தி, வயிற்றைத் திறப்பார். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். தவளைக்கு மயக்கம்தான், ஆனால் நெஞ்சு மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். நாக்கு நமக்கு மாதிரி உள்ளே ஒட்டியிருக்காது. வாய் முன்னால் ஒட்டி, நுனி தொண்டைப் பக்கம் மடங்கிக் கிடக்கும். பையன்கள் எல்லாம் பெஞ்சில். நான் வாத்தியாருக்குப் பக்கத்தில்! அந்த இடத்துக்கு ஈடு உண்டா?

ஒரு நாள் வாத்தியார் சொன்னார்: "கோவிந்தா, அட்டெண்டர் போஸ்ட் ஒண்ணு வருதுப்பா. ஹெட்மாஸ்டர்கிட்ட உன்னைத்தான் சொல்லியிருக்கேன்."

எனக்குத் தூக்கம் போனது. அவலூர்பேட்டை மாமா ஏற்கனவே கண்டிஷன் போட்டிருந்தார்: "வேல பர்மனென்ட் ஆவட்டும். அப்பால பொண்ணப் பத்திப் பேசலாம்."

இந்த நேரத்தில்தான் வாத்தியாருடைய வாட்ச் நின்றது. அதுவாக நின்றதா, என் கெட்ட நேரம் நிறுத்தியதா? ஜமால் கடைக்குப் போனது. ஜமால் ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்தவன் போக வேண்டியதுதானே! சயின்ஸ் ரூமை எட்டிப் பார்த்து, "சார், வாட்ச் உள்ள பாத்திருக்கிறேன். தவள உள்ள எப்டி இருக்கும்னு ஒரு வாட்டி பாக்கட்டுமா?" என்றான்.

வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். அவனைத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். என் பக்கத்தில் இல்லை... என் இடத்தில்.

மறுவாரம் அந்த வருஷத்து முதல் பெருமழை. அகழியில் தவளைகள் பகலிலேயே ஆர்ப்பாட்டம். திங்கட்கிழமை நான் ஒரு தவளை கொண்டுபோனேன். கேட்காமலே ஜமாலும் ஒன்று கொண்டுவந்திருந்தான். என்னுடையது எலுமிச்சம்பழ மஞ்சள். கத்தும்போது தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீலமாகப் பலூன் உப்பும். அவனுடையது சேற்று நிறம். ஊமை. எனக்குச் சிரிப்பு வந்தது.

வாத்தியார் இரண்டையும் திறந்தார். என் தவளையில் ஒன்றும் இல்லை. ஜமால் தவளையின் வயிற்றில் கடுகு மூட்டையை அவிழ்த்த மாதிரி, கறுப்பும் வெள்ளையுமாக அத்தனையும் முட்டை!

"சபாஷ் ஜமால்! புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார். இதே மாதிரி முட்டை இருக்கிற தவளையா வேணும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஜமாலின் பின்னாலேயே போனேன். ரகசியமாக வேறு குளம் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் வந்ததோ என் அகழிக்கு! கத்துகிற மஞ்சள் தவளைக்கு ஒரு முழம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அதைத் தொடவே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். தலை நரைத்துவிடும் போல அவ்வளவு நேரம். பிறகு வெறும் கையோடு எழுந்து போனான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மஞ்சளை எல்லாம் இன்ஸ்பெக்டர் நாளுக்காக விட்டுவைக்கிறான்! பலூன் மாதிரி உப்புகிறதே, உள்ளே சரக்கு இல்லாமலா உப்பும்? திங்கட்கிழமை எனக்கு வாய்த்தது ஏதோ சொத்தை.

புதன்கிழமை வெளுக்கிற நேரத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கரையில் கத்தின ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு சாக்கு நிறைய. நான் கிளம்பும்போது அகழி கப்சிப். ஜமால் எதிரே வந்தான். "இன்னாடா, ஒரு சத்தமும் காணோம்?" என்றான். நான் நடையை எட்டிப் போட்டேன். அந்த நடையில் எனக்கிருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை.

சயின்ஸ் ரூமில் சாக்கைக் கொட்டினேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தவளைகள் ஒன்றை ஒன்று முதுகுப் பக்கமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. பிடிபட்டது 'விடு விடு' என்கிற மாதிரி கர்ர் கர்ர் என்றது. பிடித்ததோ விடுவதாக இல்லை. ஒன்று என் ஈரச் செருப்பைக் கட்டிக்கொண்டது.

வாத்தியார் ஒன்றைத் திருப்பி முன்னங்காலைப் பார்த்தார். கட்டை விரலில் தடிப்பாக ஒரு மேடு. இன்னொன்றைப் பார்த்தார். இன்னொன்று... முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"எல்லாமே ஆண் தவளைடா கோவிந்தா! முட்டைக்கு நான் எங்கே போவேன்? இன்னும் ஒரு மணி நேரத்துல இன்ஸ்பெக்டர் வந்துடுவார். உன்னைப் பத்தி இனிமே ஹெட்மாஸ்டர்கிட்ட எந்த வாயால சொல்றது?"

வாசலில் ஜமால் நின்றான். கையில் காலிப் பானை. சாக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று கண் சொன்னது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். என்னை ரூமுக்குப் பின்னால் கூப்பிட்டான். ஒரு தூக்கு வாளியைத் திறந்து காட்டினான். உள்ளே சேற்று நிறத்தில், வயிறு உப்பி, ஊமையாக ஒன்று. கடையில் வைத்து வளர்த்தானாம். அது பூச்சி முழுங்கும்போது கண் இரண்டும் உள்ளே அமுங்குமாம், அதைப் பார்க்க.

"இந்தா. நீ புடிச்சதுன்னு சொல்லு."

"நான் ஏன்டா சொல்லணும்?"

"எனக்குக் கட இருக்குது. உனக்கு இன்னாடா இருக்குது?"

அதை அவன் திட்டாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தவளையைத் திறந்ததும் கடுகு மூட்டை. "பலே! யாருப்பா பிடிச்சது?" என்றார்.

"நான் சார்."

ஜன்னலுக்கு வெளியே நின்று ஜமால் தலையை ஆட்டினான்.

வேலை கிடைத்தது. அவலூர்பேட்டைப் பெண்ணும் கிடைத்தாள். ஒரு நாள் வாய் தவறி அவளிடம் கதையைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்கும் அவளுக்கும் சண்டை வரும்போதெல்லாம், "அந்த ஜமால் பாய்தான் மனுசன்" என்பாள். பொறாமைக்குத் தீனி வீட்டிலேயே கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாயங்காலம் மிச்சத் தவளைகளை அகழியில் விடப் போனோம். அப்போதுதான் ஜமால் விளக்கினான்.

"கத்துறது எல்லாம் ஆம்பளடா. பொட்டை கத்தாது. கேக்கும். நல்லாக் கேட்டுத்தான் எவன்கிட்ட போறதுன்னு முடிவு பண்ணும். கத்துறவன் பக்கத்துல பேசாம குந்திக்கினு இருந்தா, அதுவே வரும். நீ கத்துறவன எல்லாம் மூட்ட கட்டிட்ட. அது யாரத் தேடி வரும்?"

இவ்வளவு வருஷம் தவளை பிடித்தவன் நான். நாலு நாள் உட்கார்ந்து பார்த்தவன் அவன்.

அந்தச் சாக்குத் தவளையை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பொறாமையும் அதே பிடிதான். யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது. அவன் 'விடு' என்றாலும் விடத் தெரியாது.

சரி, அந்தக் 'கேக்குதே'.

எனக்குக் காது போய் நாலு வருஷம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். தூரத்துச் சத்தம் எதுவும் வருவதில்லை. புல்லுக்குப் பின்னால் இருப்பதைச் சொன்ன காது! போன வாரம் ஜமால் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் மழை, அகழி எல்லாம் தெரிந்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"நாலஞ்சு இருக்கும் போல. இல்ல?" என்றான்.

"ஆறு" என்றேன்.