வேன் வந்த நாளில்தான் வரணுமா?

போன சனிக்கிழமை காலை ஆறு மணி. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு வாசலில் வேன் நிற்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகக் குடும்பமே ரெடி. புளியோதரை கட்டியாகிவிட்டது. பட்டுப்புடவையில் அத்தை - என் மாமியார் - கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறி முறைக்கிறார்.

அப்போது பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. என் ஓரகத்தி ஹேமா ஈரத் தலையோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா... வந்துடுச்சுக்கா. தானா வந்துடுச்சு."

என்ன வந்தது? பீரியட்ஸ்தான். கோவிலுக்குக் கிளம்பும் நாளில் இது வந்தால் எங்கள் வீட்டில் எல்லோர் முகமும் தொங்கிப்போகும். விசேஷம் என்றால் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கும் குடும்பம் இது. ஆனால் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் குதித்துக்கொண்டிருந்தோம்!

ஏன்? சொல்கிறேன்.

ஹேமா டீச்சர். இரண்டு வருஷமாக அவளுக்கு மூன்று மாதம், நாலு மாதம் என்று தள்ளிப்போகும். தாடையில் முடி, கழுத்தில் கறுப்பு, ஏறிக்கொண்டே போகும் எடை. ஸ்கேன் பார்த்து, ரத்தம் எடுத்து, பி.சி.ஓ.எஸ். என்றார் டாக்டரம்மா. சினைப்பையில் நீர்க்கட்டி. 'கட்டி' என்றதும் அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன்? பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்து, எல்லோரையும் இன்னும் நன்றாகப் பயமுறுத்தினேன்.

டாக்டரம்மா சிரித்தார். "வெட்டி எடுக்கிற கட்டி இல்லம்மா. முழுசா வளராம பாதியில நின்ன முட்டைங்க. ஹார்மோன் தடுமாறுது. மாத்திரை குடுத்தா பீரியட்ஸ் வரும். தானா வரணும்னா, நீங்க கொஞ்சம் நடக்கணும்."

நடந்தோம். தினமும் ஏரிக்கரையோரம் முக்கால் மணி நேரம். துணைக்கு நான். ஹேமாவின் தட்டில் சோறு பாதியானது, காய் இரண்டு மடங்கானது. பட்டினி மட்டும் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கூடவே பீரியட்ஸ் வரவைக்கும் மாத்திரையும். வழியில் இருக்கும் பஜ்ஜிக் கடையை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நான்தான்... சரி, அதை விடுங்கள். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தாள். நான் குறையவில்லை.

"இப்போ மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம்" என்றார் டாக்டர். முதல் மாதம் வரவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை. ஹேமா காலண்டர் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?" என்று ஏரிக்கரையில் நின்று அழுதாள். அத்தைக்குத் தெரிந்த வழி, சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரிடம் போய் முறையிடுவது. அதற்குத்தான் இந்த வேன்!

எது வரவேண்டும் என்று கேட்கப் போகிறோமோ, அது வந்துவிட்டது. வந்துவிட்டதால், போக முடியாது. இதை யார் அத்தையிடம் சொல்வது?

நான்தான் சொன்னேன். அத்தை ஹேமாவைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டியா?"

"இல்லத்தை."

"நிஜமா?"

"நிஜமாத்தான் அத்தை."

அத்தை புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு தட்டில் இரண்டே இரண்டு கரண்டி வைத்து ஹேமாவிடம் நீட்டினார். "இவ்ளோதான். மேல கேட்டா உங்க டாக்டர் என்னைத் திட்டுவா. ஒரு தடவை வந்துடுச்சுன்னு வாக்கிங்கை விட்டுடாத." குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வாசலில் டிரைவர் பொறுமை இழந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, டைம் ஆவுது. யாருக்னா ஒடம்பு சரியில்லியா?"

"இல்லப்பா" என்றார் அத்தை. "இன்னிக்குத்தான் சரியாயிருக்கு. நீ அடுத்த சனிக்கிழமை வா."