பெரட்டுக்களத்தில் கைதட்டல்

சென்ற திங்கட்கிழமை காலை, றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். என் அக்கா புஷ்பம் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். முந்தின வாரம் அவளைக் குளவி கொட்டிவிட்டது. பார்க்கப் போனவன், ஒருநாள் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பெரட்டுக்களம். காலையில் ஆட்களைக் கூட்டி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுக்கும் இடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா அன்றுதான் மறுபடி வேலைக்குப் போகிறாள். வீக்கம் வடியாத கையோடு கடைசி வரிசையில் நின்றாள்.

"புஷ்பம்! முன்னுக்கு வா!"

கங்காணி கூப்பிட்டார். அவருக்கு இருப்பதே ஒரே குரல்தான் — அதட்டல்!

பெரட்டில் பெயர் சொல்லி முன்னுக்குக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? ஏச்சு விழப்போகிறது. வேலையை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. காரணம் எனக்கும் தெரியும்.

குளவி கலைந்த அன்று, "கொழுந்தப் போட்டுட்டு ஓடுங்கடி!" என்று கத்தியது அவள்தான். எல்லோரும் ஓடித் தப்பினார்கள். தடுக்கி விழுந்த ஒருத்தியின் மேல் மட்டும், தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போர்த்தி, கொட்டுகளைத் தான் வாங்கிக்கொண்டாள் அக்கா. பறித்த கொழுந்து முழுக்க மலையிலேயே வெயிலில் கருகிப் போயிற்று.

தலையைக் குனிந்தபடி முன்னே போனாள். அங்கே தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்னதுரை, நின்றார். சிங்கள இளைஞர். அவர் வாயைத் திறக்கவில்லை... அதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"அவ மேல என்னங்க ஐயா குத்தம்? கொழுந்தா பெருசு, உசுரா பெருசு?"

"அவ கத்தலன்னா நாங்க இன்னைக்கு இங்க நிப்பமா?"

"அவளுக்கு வேல இல்லன்னா எங்களுக்கும் வேணாங்க!"

மொத்த வரிசையும் முன்னுக்கு வந்துவிட்டது. கங்காணிக்கு வேர்த்துக் கொட்டியது. சின்னதுரை பாவம், இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"ஐயோ, ஏச இல்ல நான் கூப்பிட்டது! நீங்க சொல்றதைத்தான் நானும் சொல்ல வந்தது. புஷ்பம் அக்காவுக்கு தேங்க்ஸ் சொல்ல!"

பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! முதலில் கைதட்டியது சின்னதுரை. அப்புறம் பெண்கள். கங்காணியும் தட்டினார் — கொஞ்சம் தாமதமாக. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் தட்டினேன். பஸ் போனதே தெரியவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார் சின்னதுரை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் குளவிக்கூட்ட எடுத்துருங்க ஐயா."

அன்று மாலையே எடுத்துவிட்டார்களாம். போனில் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"தொர சொன்னது சந்தோசந்தான் தம்பி. ஆனா இவளுக எம்மேல இம்புட்டு பாசமா இருக்காளுகன்னு யாருக்குத் தெரியும்? ஒருநாளும் சொன்னதில்லயே!"

நம் ஆபீஸ்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பிழை விட்டால் உடனே கூப்பிடுகிறோம். நன்றாகச் செய்தால்... 'அது அவங்க வேலைதானே!' நல்ல வார்த்தைகளையெல்லாம் பிரியாவிடைக் கூட்டத்துக்கும் இரங்கல் உரைக்கும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். பாராட்டு சம்பளத்துக்குப் பதிலாகாது — அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சில முதலாளிகள் கைதட்டலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைச் செய்தும் கொடுத்தார் பாருங்கள் — அதுதான் மனதுக்கு இதமாக இருந்தது.

அந்தச் சின்னதுரைக்கு நன்றி. தங்கள் வேலையையே பணயம் வைத்து அக்காவுக்காக முன்னுக்கு வந்த அந்தப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது.

அக்கா, உன் பெயர் பேப்பரில் வந்திருக்கிறது என்று யாராவது ஓடிவந்து சொல்வார்கள். பதறாதே... நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன்!